சி டிரைவ் ஃபுல், ஃபைல்களை வேறு டிரைவுக்கு மாற்றினால் பாதியில் நிற்கிறது, அவசரம்

கோடைமழை: நண்பர்களே, சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. போட்டோ, வீடியோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் இன்னொரு டிரைவுக்கு கட் பண்ணி பேஸ்ட் பண்ணினேன், பாதியில் எரர் வந்து நின்றுவிட்டது. இடம் தாராளமாக இருக்கிறது. அக்கா கல்யாண வீடியோ அதில்தான், எதுவும் போய்விடக் கூடாது. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒற்றைப்பனை: என்ன எரர்? இன்னொரு டிரைவ் என்றால் உள்ளேயே இருக்கும் டி-யா, வெளியே செருகியதா?

நைட்ஷிப்ட்: கேபிள்தான் ப்ரோ. சிபியு முன்பக்க யூஎஸ்பியில் சில சமயம் கரன்ட் பத்தாது, பின்பக்கம் செருகுங்க.

தட்டச்சு_தாத்தா: "எரர் வந்தது" என்று ஓர் எரர் விண்டோஸில் கிடையாது தம்பி. அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லாமல் அவசரம் என்று தலைப்பு போட்டு என்ன பயன்? முதலில், யார் கட் பண்ணச் சொன்னது? வேறு டிரைவுக்கு கட் பண்ணினால் ஒவ்வொரு ஃபைலாக காப்பி எடுத்து, பழையதை அழித்துக்கொண்டே போகும். காப்பி பண்ணு, திறந்து பார், அப்புறம் அழி. எத்தனை இழையில் சொல்லிவிட்டேன்.

புளியங்கொம்பு: ஃபைல் பாதை (போல்டர் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்தது) விண்டோஸ் வழக்கமாக ஏற்கும் 260 எழுத்தைத் தாண்டியிருக்கும். போல்டருக்குள் போல்டராக "ஃபைனல்", "புது ஃபைனல்" என்று வைத்திருப்பார். பெயரைச் சுருக்கிப் பாருங்கள்.

கோடைமழை: விண்டோஸ் 10. எக்ஸ்டர்னல், 1 டிபி, டிவியில் படம் பார்க்க மாமா வைத்திருந்தது. "டூ லார்ஜ் ஃபார் தி டெஸ்டினேஷன் ஃபைல் சிஸ்டம்" என்று வருகிறது. 700 ஜிபி காலி, வீடியோ வெறும் 11 ஜிபி. இது எப்படிப் பெரிசாகும்??

நைட்ஷிப்ட்: ஓ, அப்போ ஃபார்மேட் அடிச்சிருங்க, முடிஞ்சது.

ஒற்றைப்பனை: ஃபார்மேட் பண்ணிவிடாதீர்கள், டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்! கட் பண்ணியதில் பாதி இப்போது அந்த டிரைவில் மட்டும்தான் இருக்கிறது. டிரைவை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள், ஃபேட்32 என்று இருக்கும், டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறை அது. அதில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. நின்றுபோன வீடியோ சி-யில் பத்திரமாக இருக்கும். அந்த டிரைவுக்குப் போனதையெல்லாம் முதலில் வேறு எதிலாவது ஒரு காப்பி எடுங்கள், வீட்டில் இன்னொரு லேப்டாப் இருந்தால்கூடப் போதும். அதற்குப் பிறகு, இந்த 4 ஜிபி தடை இல்லாத எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு ஃபார்மேட் பண்ணலாம். ஃபார்மேட் இல்லாமலே என்டிஎஃப்எஸ்-க்கு மாற்ற விண்டோஸில் "கன்வெர்ட்" கட்டளை இருக்கிறது, ஆனாலும் காப்பி எடுக்காமல் அதைத் தொடாதீர்கள். மாமா டிவி பழசு என்றால் இரண்டையுமே படிக்காமல் போகலாம், அவரிடம் கேட்டுவிடுங்கள்.

சித்திரைவெயில்: ஒவ்வொரு முறையும் எதற்கு கட் பேஸ்ட்? டாக்குமென்ட்ஸ் ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் டேப், அதில் மூவ் கொடுத்தால் மொத்தமாக மாறிவிடும்.

தட்டச்சு_தாத்தா: எக்ஸ்டர்னலுக்கா? கழற்றி வைத்த அன்று டாக்குமென்ட்ஸ் போல்டரே காணோம் என்று இன்னொரு இழை வரும். அது உள்ளே இருக்கும் டிரைவுக்கு மட்டும். அங்கேயும் தனி போல்டர் போட்டு அதைக் காட்ட வேண்டும், நேராக டி-யைக் காட்டினால் அந்த டிரைவே டாக்குமென்ட்ஸ் ஆகி நிற்கும்.

சித்திரைவெயில்: நான் பொதுவாகச் சொன்னேன் சார். இந்தக் காலத்தில் ஹார்ட் டிஸ்க்கே எதற்கு, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வாங்கச் சொல்லுங்கள்.

தட்டச்சு_தாத்தா: வருஷக்கணக்கில் கரன்ட் இல்லாமல் அலமாரியில் கிடக்கப்போகும் கல்யாண வீடியோவுக்கு எஸ்எஸ்டியா? அப்படிக் கிடந்தால் அதில் இருப்பது அழிந்துபோகலாம். நல்ல யோசனை.

புளியங்கொம்பு: ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தால் மட்டும் பூ மாதிரி எழுந்திருக்குமா தாத்தா?

தட்டச்சு_தாத்தா: அதனால்தான் இரண்டு இடத்தில் வை என்கிறேன். படித்துவிட்டுப் பேசு.

கோடைமழை: ஃபேட்32தான். தம்பி லேப்டாப்பில் காப்பி எடுத்து, எக்ஸ்ஃபேட் பண்ணினேன், வீடியோ ஏறிவிட்டது. நன்றி ஒற்றைப்பனை அண்ணா.

ஒற்றைப்பனை: முழுசா ஓடுதா பார்த்தீங்களா? பார்க்காமல் சி-யில் அழிக்காதீங்க.

ஆத்தங்கரை: எனக்கும் இதே பிரச்சனை, ஆனால் மேக்கில். என்ன செய்ய?

தட்டச்சு_தாத்தா: என்ன எரர்?