பாலினப் பாகுபாட்டுக் குறியீட்டை உதவி நிதித் தரவுடன் இணைப்பதில் சிக்கல்

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டுக்காக, ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வெளியிடும், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை அளக்கும் சமூக நிறுவனங்கள் மற்றும் பாலினக் குறியீட்டை (சிகி) அதே அமைப்பின் வளர்ச்சி உதவிப் பதிவுகளுடன் நாடுவாரியாகப் பொருத்தி, பாகுபாடு மிகுந்த நாடுகளுக்குத்தான் பெண்களுக்கான நிதி செல்கிறதா என்று பார்க்க முயல்கிறேன். மூன்று வாரங்களாக நகரவில்லை.

உதவிப் பதிவில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு குறியெண் உண்டு: பாலினச் சமத்துவம் முதன்மை நோக்கமானால் 2, குறிப்பிடத்தக்க நோக்கமானால் 1, நோக்கமே இல்லையெனில் 0. கட்டம் காலியாக இருந்தால் அத்திட்டம் பரிசீலிக்கப்படவே இல்லை. நான் எக்செலில் எழுதிய சூத்திரம் காலிக் கட்டங்களையும் 0 ஆக்கியதில் முதல் பத்து நாள் வீணாயின. ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கு மாறி அதைச் சரிசெய்தேன். நாட்டுக் குறியீடுகளையும் (இந்தியா ஒரு கோப்பில் 645, மற்றதில் ஐஎன்டி) கையாலேயே பொருத்திவிட்டேன்.

சிக்கல் சிகியில்தான். 2014 பதிப்பின் மதிப்பெண் 0 முதல் 1 வரை, ஐந்து பிரிவுகள். 2019, 2023 பதிப்புகளில் 0 முதல் 100 வரை, நான்கே பிரிவுகள், ஆண்பிள்ளை விருப்பம் தனிப்பிரிவாக இல்லை. பழையதை நூறால் பெருக்கி வரைந்தால், 2014க்கும் 2019க்கும் இடையே வரைபடக் கோடு தாவுகிறது. நாடுகள் மாறினவா, கணக்கிடும் முறை மாறியதா என்று பிரித்தறிய முடியவில்லை.

மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, மூன்று பதிப்புகளிலும் ஒரே வரையறையுடன் தொடரும் அடிப்படை மாறிகள் எவை என்று இவற்றைக் கையாண்டவர்கள் சொல்ல முடியுமா?