ராமானுஜன் கம்பளியை மறந்தாரா?

தொம்லூர் தம்பி: அறிவு கூடினால் மறதியும் கூடும். ராமானுஜனே கேம்பிரிட்ஜில் கம்பளி போர்த்திக்கொள்ள மறந்து ராத்திரியில் நடுங்கியவர்தான். எங்கள் அப்பாவும் அந்த ரகம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார். பார்க்க அழகாக இருக்கும்!

அல்சூர்வாசி: மறந்தார் என்று யார் சொன்னது? நடந்ததைச் சொன்னவர் அப்போது கேம்பிரிட்ஜில் படித்த புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ். 1914இல் போனவருக்கு அந்த ஊர்ப் படுக்கையே புதிது. கம்பளிகளின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, மேலே விரிப்பைப் போட்டிருந்தார்கள். கம்பளியை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஓவர்கோட்டும் சால்வையுமாகப் படுத்திருக்கிறார். இதற்குப் பெயர் மறதியா?

மல்லேஸ்வரம் மாமி: எதுவாக இருந்தால் என்ன, நடுங்கினது நிஜம்தானே?

அல்சூர்வாசி: தெரியாததை எப்படி மாமி மறக்க முடியும்? அவரைப் பார்க்கக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729 என்றதும், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று நோயாளியாகப் படுத்துக்கொண்டே சொன்னவர். அவருக்கா மறதி?

தொம்லூர் தம்பி: கும்பகோணம் காலேஜில் கணக்கைத் தவிர மற்றதைக் கோட்டைவிட்டு ஸ்காலர்ஷிப் போச்சே, அது?

அல்சூர்வாசி: அது பிடிக்காத பாடம். கம்பளிக்குப் பதில் சொல்லுங்கள்.

ஜெயநகர் ஜே: நியூட்டன் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தை வேகவைத்தாராமே?

அல்சூர்வாசி: பக்கத்தில் நின்று பார்த்தீர்களா?

மல்லேஸ்வரம் மாமி: மறதி அழகு என்று எழுதுவதெல்லாம் ஆம்பிளைகள். எங்கள் வீட்டு விஞ்ஞானிக்குக் கல்யாணமான நாளாக ஸ்கூட்டர் சாவி தேடிக் கொடுப்பது நான். சிலிண்டர் புக் பண்ண நான் ஒருமுறை மறந்தால் அதை யாரும் மேதைமை என்பதில்லை.

தொம்லூர் தம்பி: பொங்கல் விழாக் கணக்கு கேட்டால் மட்டும் அல்சூர் சாருக்கு மறதி வருகிறதே, அதுவும் மேதைமையா?

அல்சூர்வாசி: கணக்கை வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று. பேச்சை மாற்றாதீர்கள்.

மல்லேஸ்வரம் மாமி: போட்டது போன வருஷக் கணக்கு.

அல்சூர்வாசி: இங்கே பேசுவது ராமானுஜனைப் பற்றி! ஸ்வெட்டர் இல்லாமல் பெங்களூர் டிசம்பரைத் தாண்டாதவர்கள் அவரைக் கேலி பண்ண வேண்டாம். மறுபடி சொல்கிறேன், கம்பளி மெத்தைக்கு அடியில்...

ஜெயநகர் ஜே: ஐயோ சார், படித்துவிட்டோம்.

தொம்லூர் தம்பி: பந்தல்காரர் நேற்றும் எனக்குத்தான் போன் பண்ணினார்.