புதுப்பிப்பு: அப்பாவின் இதய வால்வு, ஏழாம் மாதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் தந்தைக்குத் தொடை இரத்தக்குழாய் வழியே பெருந்தமனி வால்வு பொருத்தியதையும், நான்காம் மாதம் மாடிப்படியில் மீண்டும் மூச்சு வாங்கியதையும் முன்பு எழுதியிருந்தேன். வால்வு நழுவியிருக்கலாம் என்ற என் ஊகம் தவறு. எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கூடியிருந்ததால் புதுச்சேரியில் சி.டி. எடுத்தார்கள், புது வால்வில் மாட்டின் இதய உறையால் செய்த மூன்று இதழ்களில் ஒன்று, இரத்த உறைவு படிந்து தடித்து, பாதி மட்டுமே திறப்பதைத் திரையில் நானே பார்த்தேன். அறிகுறி தரும் அளவுக்கு இது முற்றுவது அரிது என்றார் மருத்துவர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைத் தொடங்கி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்குமாறு பார்த்துக்கொள்கிறோம். (கீரையின் அளவு மாறினால் இந்த மருந்தின் வேலையும் மாறும்; தினமும் கீரை ஒரே அளவுதான் என்பதில் அம்மா மருத்துவரைவிடக் கண்டிப்பு.) சென்ற வாரச் சி.டி.யில் அந்த இதழ் மெலிந்து, மற்ற இரண்டோடு சேர்ந்து திறக்கிறது. மருந்தை எப்போது நிறுத்துவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.