ஒரே பலகையில் கேப் கேஜும் இரண்டடிப் பாதையும்: மூன்றாம் தண்டவாளம் போடலாமா?

சாட்ஸ்வொர்த்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் என் வீட்டுக் கராஜின் ஒரு சுவரை ஒட்டி, மாதிரி ரயில் ஓட்டுவதற்காக 4.8 மீட்டர் நீளமும் 70 செ.மீ. அகலமும் உள்ள பலகை ஒன்றை அமைத்திருக்கிறேன். கேப் கேஜில், அதாவது 1067 மி.மீ. அகலத்தில் போட்ட டர்பன்–ஜோகன்னஸ்பர்க் பெரும்பாதையிலுள்ள எஸ்ட்கோர்ட்டை மனத்தில் வைத்து ஒரு சந்திப்பு நிலையம் செய்ய ஆசை. அங்கிருந்துதான் 1907இல் வீனனுக்கு 610 மி.மீ. (இரண்டடி) குறுகிய பாதை திறக்கப்பட்டது. என் தாத்தா ரயில்வேயில் மூட்டை தூக்கியவர் என்பதால் சரக்குக் கொட்டகை கட்டாயம் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பவை 16.5 மி.மீ. பாதையில் ஓடும் லிமா நிறுவனம் செய்த பழைய தென்னாப்பிரிக்க ரயில்வே மாதிரிப் பெட்டிகள். குறுகிய பாதைக்கு 9 மி.மீ. தண்டவாளம் வாங்க எண்ணியிருக்கிறேன். சரக்கு முற்றத்தில் மூன்று தண்டவாளம் போட்டு இரண்டு வண்டிகளையும் ஒரே வழியில் விடலாமா? மின்னிணைப்பில் தொல்லை வருமா?

டோங்காட் தாத்தா எழுதியது:

தம்பி, தண்டவாளம் வாங்குவதற்கு முன் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிமா பெட்டிகள் 1:87 அளவில், அதாவது உண்மையில் 87இல் ஒரு பங்காகச் செய்யப்பட்டவை. அந்த அளவில் 16.5 மி.மீ. என்பது 1435 மி.மீ. பாதை, அதாவது நம் ஊரில் ஜோகன்னஸ்பர்க்–பிரிட்டோரியா விரைவு ரயிலான கௌட்ரெயின் ஓடும் அகலம், 9 மி.மீ. என்பது 783 மி.மீ. ஆகிவிடும். 1:64க்கு மாறினால் அதே 16.5 மி.மீ. 1056 ஆகவும், 9 மி.மீ. 576 ஆகவும் வருகின்றன. கேப் கேஜின் 1067க்கும் இரண்டடிப் பாதையின் 610க்கும் இவை போதுமான நெருக்கம். இந்த நாட்டில் பலர் 1:64ஐப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணமும் இதுவே.

மூன்றாம் தண்டவாளத்தை நான் ஒருமுறை போட்டுப் பட்டிருக்கிறேன். ஒரு தண்டவாளம் இரண்டு வண்டிகளுக்கும் பொது. மற்ற இரண்டும் ஒரே மின்முனையைச் சேர்ந்தவை என்பதால், நேர்ப்பாதையில் டிசிசி (ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியே கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை) கொண்டு ஓட்டுவோருக்குச் சிக்கல் இல்லை. பழைய கன்ட்ரோலர் என்றால் இரண்டு எஞ்சினும் சேர்ந்தே நகரும். தாமிரத் தகடு ஒட்டிய கட்டைகளில் தண்டவாளங்களைப் பற்றவைத்தபோது, பொதுத் தண்டவாளத்துக்கும் மற்றவற்றுக்கும் இடையே தகட்டை அறுத்துவிடுவதை நான் மறக்கவில்லை. ஆயினும் ஷார்ட் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு மாலைப்பொழுதுகள் தேடிய பிறகு, பதினோராவது கட்டையில் அறுத்த கோட்டின் குறுக்கே தலைமுடியைவிட மெல்லிய தாமிரச் சிம்பு ஒன்று பூதக்கண்ணாடியின் கீழ் மின்னியது. ஊசி முனையால் தட்டியதும் எஞ்சின் ஓடிவிட்டது.

இதெல்லாம் நேர்ப்பாதையின் கதை. பாதைகள் பிரியும் பாயிண்ட்டைக் கடையில் வாங்க எண்ணாதீர்கள். கையால் அரம் போட்டுச் செய்ய வேண்டியிருக்கும். இரு பாதைகளின் நடுக்கோடுகள் 3.75 மி.மீ. விலகி நிற்பதால் கொக்கிகளும் நேருக்கு நேர் வாரா. போட்டே தீருவேன் என்றால், பொதுத் தண்டவாளம் மேடைப் பக்கம் இருக்கட்டும். மறுபக்கம் போட்டால் குறுகிய வண்டி மேடையை விட்டு வெகுதூரம் தள்ளி நிற்கும்.

மாரிட்ஸ்பர்க் எழுதியது:

தாத்தா சொன்னதோடு நானும் உடன்படுகிறேன், ஆனால் மூன்றாம் தண்டவாளமே வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே சந்திப்புகளில் வேகன் பாதை மாறவில்லை. ஆட்கள் மூட்டையைத் தூக்கி ஒரு வேகனிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினார்கள். உங்கள் தாத்தாவின் வேலையே அதுவாக இருந்திருக்கலாம். நீளமான ஒரு மேடையின் இருபுறமும் இரண்டு பாதைகளைப் போட்டு, குறுகிய பாதையின் அடியில் மெல்லிய கார்க் அட்டை வைத்து உயர்த்தி, இரு வேகன்களின் தரையும் ஒரே மட்டத்தில் வரும்படி செய்யுங்கள். 16.5 மி.மீ. பாதைக்கு ‘கோட் 75’ தண்டவாளமும் 9 மி.மீ. பாதைக்கு ‘கோட் 80’உம் எடுத்தால் (இந்த எண் தண்டவாள உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில் சொல்வது) தண்டவாள உயரத்தில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இராது. பலகை மட்டும் மரைன் பிளைவுட்டாக இருக்கட்டும். டர்பன் ஈரக்காற்றில் சாதாரணப் பலகை உப்பிவிடும்.

சாட்ஸ்வொர்த்வாசி எழுதியது:

இரு பக்க மேடை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, நன்றி. 1:64க்கே மாறிவிடுகிறேன். ஆனால் அந்த லிமா பெட்டிகள் என் அப்பா வாங்கித் தந்தவை; அவற்றைப் பரணில் போட மனம் வரவில்லை.

டோங்காட் தாத்தா எழுதியது:

பரணில் போட வேண்டாம், தம்பி. சுவரோரம் ஒரு மண்மேடு எழுப்பி, அதன் மேல் அவற்றைப் பெரும்பாதை ரயிலாக ஓட விடுங்கள். முன்னால் நிற்கும் வண்டிகளைவிடச் சிறியவை என்பதால் தொலைவில் போவதுபோல் தோன்றும். சக்கரமும் பாதையும் கண்ணில் பட்டால் அகலம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மேட்டின் விளிம்பில் புல்லை உயரமாக ஒட்டி, ஜன்னல் வரிசைக்கு மேலே மட்டும் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.