அப்பாவோட ராஜ்தூத், ரெண்டு டென்ட், மொதத் தண்ணி: கல்லணைலேருந்து பூம்புகார் வரைக்கும் குடும்பத்தோட போக வழி சொல்லுங்க

திருவானைக்கோவில்காரன் (மே மாசம், 2025)

எல்லாருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க, பெரிய கேள்வி.

எங்கப்பா பொதுப்பணித்துறைல லஸ்கரா (மதகு, ஷட்டர் பாத்துக்கற ஆளு) இருந்து ரிட்டயர் ஆனவரு, இப்ப 73 வயசு. கல்லணைக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் நடுவுல தான் அவரு சர்வீஸ் பூரா ஓடுச்சு, நடு ராத்திரி ஆள் வந்து கதவ தட்டினாலும் டார்ச்ச எடுத்துக்கிட்டு ராஜ்தூத் பைக்க உதைச்சு ஷட்டர் ஏத்தி எறக்க கெளம்பிடுவாரு. அந்த வண்டி இன்னும் வீட்ல இருக்கு, ஓடுது. போன மாசம் சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து திண்ணைல உக்காந்தவரு திடீர்னு சொல்றாரு, "இத்தன வருஷம் தொறந்து தொறந்து விட்டேன், அந்த தண்ணி கடல்ல சேர்ற எடத்த நான் பாத்ததே இல்லடா". எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. நம்ம வீட்லேருந்து பூம்புகார் என்ன அவ்ளோ தூரமா, கார்ல போனா ஒரு பகல் கூட ஆகாது, ஆனா லீவுன்னா தண்ணி வர்ற நேரத்துல கெடைக்காது, லீவு கெடைக்கறப்ப ஆத்துல தண்ணி இருக்காது, அப்படியே போயிடுச்சு.

அதனால இந்த ஜூன்ல மேட்டூர் தொறந்ததும் மொதத் தண்ணியோட கூடவே கரை ஓரமா போலாம்னு இருக்கோம். அப்பா ராஜ்தூத்ல, நாங்க ஈக்கோ வேன்ல. அம்மா (68, மூட்டு வலி), நான், வொய்ஃப், பொண்ணு 11, பையன் 5, கூட என் மச்சான். ரெண்டு ராத்திரி டென்ட், மூணு நாள். பொண்ணுக்கு தாத்தா பின்னாடி உக்காந்து வரணும்னு ஒரே ஆசை. அப்பாவுக்கு தை மாசம் எடது கண்ணு புரை ஆபரேஷன் ஆச்சு, டாக்டர் இப்ப ஓட்டலாம்னு சொல்லிட்டாரு, ஆனா அம்மா "அவரு வண்டில ஏறினா நான் வேன்ல ஏற மாட்டேன்" னு ஒத்த கால்ல நிக்கறாங்க.

தண்ணி எப்ப எங்க வரும்னு எப்படி தெரிஞ்சுக்கறது, டென்ட் எங்க போடறது, அப்பா ஓட்டறது சரியா, அம்மாவ எப்படி சம்மதிக்க வைக்கறது, இது தான் என் கேள்வி.


குடமுருட்டிக் கரை

அண்ணே, படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, எங்க தாத்தாவும் வாய்க்கால் தலைப்பு மதகுக்கு காவலுக்கு போனவரு தான்.

மொதல்ல தேதி. ஜூன் 12னு எல்லாரும் சொல்லுவோம், ஆனா அது அணைல இருக்கற தண்ணிய பொறுத்தது. 2022ல மே 24லயே தொறந்தாங்க, 2023ல சரியா 12, போன வருஷம் ஜூலை 28 வரைக்கும் காக்க வச்சாங்க. அதனால லீவ ஒரு தேதிக்கு கட்டி வைக்காதீங்க. மேட்டூர்ல தொறந்தா கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும். அங்கேருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிச்சு விடுவாங்க, மிச்சம் கொள்ளிடம். இது உங்கப்பாவுக்கு நான் சொல்லவே வேணாம்.

ஆனா ஒண்ணு. கூடவே போறதுன்னா நீங்க நெனைக்கற மாதிரி இல்ல. காஞ்சு கெடக்கற மணல்ல மொதத் தண்ணி நடக்கற வேகம் நம்ம நடக்கறத விட கம்மி, எத்தனையோ எடத்துல நின்னு குழிய ரொப்பிட்டு தான் நகரும். கல்லணைலேருந்து கடைசி வரைக்கும் போய் சேர ஒரு வாரம் பத்து நாள் கூட ஆகலாம். மூணு நாள் ட்ரிப்ல அது கூட ஒட்டிக்கிட்டு போக முடியாது. அதனால கல்லணை தொறக்கற அன்னிக்கு அங்க போகாதீங்க, கூட்டம் நெரியும். ரெண்டு மூணு நாள் விட்டு கெளம்புங்க, கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறுன்னு ஓடற தண்ணிய பாத்துக்கிட்டே வாங்க, கும்பகோணம் தாண்டி எங்கயாவது அத முந்திடுவீங்க. முந்தினதும் வண்டிய நிறுத்திட்டு காத்திருங்க. அது தான் பாக்க வேண்டிய காட்சி. எந்த எடத்துல தண்ணி நிக்குதுன்னு ஒவ்வொரு ரெகுலேட்டர்லயும் (ஆத்துக்கு குறுக்க ஷட்டர் வச்ச எடம்) லஸ்கர் கிட்ட கேட்டாலே போதும், உங்கப்பா கேட்டா டீ வாங்கி குடுத்து சொல்லுவாங்க.

பசங்கள ஆத்துல எறக்கறதா இருந்தா படித்துறைல மட்டும், அதுவும் கைய புடிச்சுக்கிட்டு. மணல் அள்ளின பள்ளம் தண்ணிக்குள்ள தெரியாது, ஒவ்வொரு வருஷமும் உசுரு போகுது.


ரெண்டு ஸ்ட்ரோக் பிரியன்

ராஜ்தூத் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், ஏன்னா என் கிட்டயும் ஒண்ணு இருக்கு.

சார், ஓட்டட்டும். ஆனா பகல்ல மட்டும். அந்த வண்டில 6 வோல்ட் லைட்டு, வேகம் கொறைஞ்சா வெளிச்சமும் மங்கிடும், புது கண்ணோட எதிர் லாரி வெளிச்சத்துல கரை ரோட்ல வர்றது வேணவே வேணாம். சாயங்காலம் அஞ்சரைக்கு வண்டி ஸ்டாண்ட் போட்டாகணும்னு அம்மாவுக்கு வாக்கு குடுங்க. காலைல ஆறுலேருந்து ஒம்போதரை, அப்புறம் நாலுலேருந்து அஞ்சரை, நடுவுல வெயிலுக்கு வண்டிய மச்சான் ஓட்டிட்டு வரட்டும், அப்பா வேன்ல படுத்துக்கட்டும். இப்படி சொன்னா பெரும்பாலும் அம்மாங்க ஒத்துக்குவாங்க, அவங்க பயம் வண்டி மேல இல்ல சார், இவரு எறங்க மாட்டாருங்கறது மேல.

கெளம்பறதுக்கு முன்னாடி பெட்ரோல் ட்யூப மாத்துங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் அதுல ஊறி வெடிப்பு விடும். எனக்கு போற வழில டேங்க் காக்குக்கு கீழயே ஒழுக ஆரம்பிச்சு சைலன்சர் மேல சொட்டிடுச்சு, ஒரு நிமிஷம் கவனிக்காம இருந்திருந்தா அவ்ளோ தான். இக்னிஷன் பாயின்ட்ட சுத்தம் பண்ணி கேப் சரியா வைங்க, ப்ளக்கு ரெண்டு, க்ளட்ச் கேபிள் ஒண்ணு எக்ஸ்ட்ரா. பெட்ரோல்ல கலக்கற 2டி ஆயில வேன்ல வைங்க, எல்லா பங்க்லயும் இப்ப கெடைக்கறதில்ல. ஆர்சி புதுப்பிச்சிருக்கா, இன்சூரன்ஸ் இருக்கா பாத்துக்கங்க, லைசென்ஸும் பாருங்க, 55 வயசு தாண்டினா அஞ்சஞ்சு வருஷத்துக்கு தான் குடுப்பாங்க, பல பெரியவங்களுக்கு அது முடிஞ்சு போனதே தெரியாது. பொண்ணுக்கு அவ தலைக்கு சரியான சின்ன ஹெல்மெட் வாங்குங்க, பெரியவங்க ஹெல்மெட்ட மாட்டி விட்டா திரும்பி கண்ண மறைக்கும். 4 வயசுக்கு மேல எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பையன தயவு செஞ்சு வேன்லயே வச்சுக்கங்க.


கும்பகோணம் அக்கா

தம்பி, டென்ட்னு சொன்னதும் ஆம்பளைங்க எல்லாரும் எடத்த பத்தி பேசுவீங்க, உங்கம்மா ராத்திரி மூணு மணிக்கு எங்க போவாங்கன்னு யாரும் பேச மாட்டீங்க. நான் ரெண்டு வருஷம் முன்னாடி என் மாமியாரயும் அம்மாவயும் கூட்டிட்டு நாகை பக்கம் கடற்கரைல இப்படி தங்கினேன், அதனால சொல்றேன்.

மூட்டு வலி இருக்கறவங்களால தரைல உக்காந்து எந்திரிக்க முடியாது. கம்மோடு சேர் ஒண்ணு மடக்கற மாதிரி வருது, அத வேன்ல போட்டுக்கங்க, நாலு பக்கமும் கட்ட ஒரு பழைய புடவையும் கயிறும். அம்மாவுக்கு டென்ட்டே வேணாம், வேன்ல பின் சீட்ட மடக்கி மெத்தைய விரிச்சு ஜன்னலுக்கு கொசுவலைய பின் பண்ணிடுங்க, காத்தும் வரும் பயமும் இருக்காது. எங்கம்மா அப்படி தான் நிம்மதியா தூங்கினாங்க. மழை உள்ள வராதுன்னு கடைக்காரர் சொன்னத நம்பி நாங்க வாங்கின டென்ட் அரை மணி நேர இடி மழைல தையல் வழியா ஒழுகி, குழந்தைங்க நனைஞ்சு, விடிய விடிய வேன்ல உக்காந்தே இருந்தோம். ஜூன்ல சாயங்காலம் அப்படி மழை எப்ப வேணா வரும். வாங்கின உடனே மொட்டை மாடில போட்டு ஹோஸ் பைப்ல தண்ணிய அடிச்சு பாருங்க, மேல போட ஒரு தார்ப்பாய் தனியா.

சமையல இழுத்து போட்டுக்காதீங்க. மொத நாளுக்கு புளி சாதம், தயிர் சாதத்துல பால் ஊத்தி பெசஞ்சது, மாவடு. அடுத்த நாள்லேருந்து வழில சாப்பிடலாம், திருவையாறுல அசோகா அல்வா வாங்க மறக்காதீங்க. வொய்ஃபும் இந்த ட்ரிப்புக்கு தானே வர்றாங்க, அவங்க அடுப்படிய வெளில தூக்கிட்டு வந்த மாதிரி ஆகக்கூடாது.


கடைமடை விவசாயி

அய்யா, நான் மயிலாடுதுறைக்கு கிழக்க. எல்லாரும் நல்லதா சொல்லிட்டாங்க, நான் எடத்த பத்தியும், இன்னொரு விஷயமும் சொல்லணும்.

ஆத்து மணல்ல டென்ட் போடவே போடாதீங்க, வெள்ளையா விரிஞ்சு கெடக்கறத பாத்தா ஆசையா தான் இருக்கும். தண்ணி வரப்போற ஆறு அது, ராத்திரி மேல ஒரு ஷட்டர ஏத்தினா உங்களுக்கு யாரு வந்து சொல்லுவா. கொள்ளிடம் பக்கம் போனீங்கன்னா அணைக்கரை வட்டாரத்துல முதலை உண்டு, கரையோரம் கூட படுக்காதீங்க. தென்னந்தோப்பு நெழலா இருக்கும், மட்டையும் காயும் சொல்லிட்டு விழாது. வைக்கப் போர் பக்கத்துல எலி, எலி இருந்தா பாம்பு. நல்ல எடம் எதுன்னா நெல்லு அடிக்கற களம். சிமென்ட் களமா, பக்கத்துல மோட்டார் கொட்டகையோட இருக்கறதா பாத்து, ஊர்ல பெரியவங்க யாரு கிட்டயாவது கேட்டுட்டு போடுங்க. ஜூன்ல களம் காலியா தான் கெடக்கும். காலைல பம்புசெட்ல குளியல், பசங்க தொட்டிய விட்டு எறங்க மாட்டாங்க.

இப்ப அந்த இன்னொரு விஷயம். உங்கப்பா மொதத் தண்ணி கடல்ல சேர்றத பாக்கணும்னு வர்றாரு. அது சேராதுங்க. பூம்புகாருக்கு முன்னாடி மேலையூர்ல காவிரியோட கடைசி அணை இருக்கு, ஷட்டர எறக்கி வச்சுடுவாங்க. வர்ற தண்ணிய தேக்கி வாய்க்காலுக்கு திருப்பணும், அந்தப் பக்கத்துலேருந்து உப்புத் தண்ணி ஏறாமலும் பாக்கணும். மொதத் தண்ணி எங்களுக்கு வந்து சேர்றதே பெரும்பாடு, குறுவை நாத்து விட்டுட்டு வானத்தயும் வாய்க்காலயும் மாறி மாறி பாத்துக்கிட்டு நிக்கறவங்க நாங்க. ஐப்பசி கார்த்திகைல வெள்ளம் வந்தா தான் கடலுக்கு போகும். இத முன்னாடியே அவருக்கு சொல்லிடுங்க, அங்க வந்து ஏமாந்து நிக்கக்கூடாது பெரியவரு.


திருவானைக்கோவில்காரன்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பகல்ல மட்டும், வெயிலுக்கு மச்சான் ஓட்டறதுன்னு சொன்னதும் அம்மா "அப்ப சரி" ன்னுட்டாங்க. கம்மோடு சேர் ஐடியா குடுத்த அக்காவுக்கு அம்மா தனியா சொல்ல சொன்னாங்க. மேலையூர் விஷயத்த அப்பா கிட்ட எப்படி சொல்றதுன்னு தயங்கி தயங்கி தான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "பூட்டி வச்சிருப்பானா? சரியா தான் செய்றான். அங்கயே போவோம்" னாரு.


திருவானைக்கோவில்காரன் (ஜூன் கடைசி)

போயிட்டு வந்துட்டோம். வழி சொன்னவங்களுக்கு சொல்லாம விட்டா நல்லா இருக்காது.

கெளம்பற அன்னிக்கு விடிகாலைல அப்பா பழைய குவளைல 2டிய அளந்து பெட்ரோல் கேன்ல ஊத்தி, மூடிய போட்டு காதுகிட்ட வச்சு குலுக்கினாரு, பேத்தி பக்கத்துல டார்ச் புடிச்சுக்கிட்டு நின்னா. மூணாவது உதைல வண்டி புடிச்சுது. மொத நாள் திருவையாறு தாண்டி ஒரு களத்துல தங்கினோம், கேட்டதும் எடம் குடுத்த வீட்டுக்காரங்க ராத்திரி சுடு தண்ணியும் குடுத்தாங்க. காத்து அடிச்சு டென்ட் கம்பி ஒண்ணு வளைஞ்சுது, வேற கஷ்டம் எதுவும் இல்ல.

ரெண்டாவது நாள் குத்தாலம் பக்கத்துல தண்ணிய முந்திட்டோம். சாயங்காலம் நாலு மணி, ஆத்துல வெறும் மணலும் கோரையும். கரைல ஜமுக்காளத்த விரிச்சு உக்காந்துட்டோம். மொதல்ல சத்தம் தான் வந்துச்சு, காஞ்ச எலைய யாரோ கூட்டற மாதிரி. அப்புறம் பழுப்பு நெறத்துல ஒரு நாக்கு, கை அகலம் தான் இருக்கும், முன்னாடி நொரையும் குச்சியும் கருவேல முள்ளும் தள்ளிக்கிட்டு வருது. வெடிச்ச மண்ணுக்குள்ள எறங்கறப்ப புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வெளில வருது, எறும்பும் பூச்சியும் கூட்டம் கூட்டமா கரை ஏறுது. பையன் அது கூடவே கரை மேல நடந்தான், அவன் நடைக்கு அது ஈடு குடுக்கல, நின்னு நின்னு வா வான்னு கூப்பிட்டான். ஊர்ப் பொம்பளைங்க பூவும் நெல்லும் தூவினாங்க, அம்மா முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த மஞ்சளயும் குங்குமத்தயும் போட்டாங்க. அப்பா செருப்ப கழட்டிட்டு நின்னவரு ஒண்ணுமே பேசல.

மூணாவது நாள் மேலையூர். தண்ணி இன்னும் அங்க வரல, கடைமடை அய்யா சொன்ன மாதிரி ஷட்டர் எறங்கி இருந்துச்சு. அங்க இருந்த லஸ்கர் என் வயசு தான் இருப்பாரு. அப்பா நான் கல்லணை பக்கம் வேல பாத்தவன்னு சொன்னதும் அவரு எந்திரிச்சு நின்னுட்டாரு. ரெண்டு பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினாங்க, எந்த வாய்க்காலுக்கு எத்தன நாள் முறை, எந்த ஷட்டர் எறங்கறப்ப கோணும், இதே பேச்சு. பூம்புகார் கடற்கரைக்கு போலாம்பான்னு கூப்பிட்டேன், நீங்க போயிட்டு வாங்கன்னாரு. நாங்க அலைல நனைஞ்சுட்டு திரும்பி வந்தப்ப அப்பா ராஜ்தூத் டூல்ஸ் பாக்ஸ்ல இருந்த க்ரீஸ் டப்பாவ தொறந்து வச்சுக்கிட்டு, அந்த தம்பி கூட சேந்து ஷட்டர் திருகுக்கு க்ரீஸ் தடவிக்கிட்டு இருந்தாரு.