கிராஃபைட் (பென்சில்ல இருக்கற கார்பன்) 3,000 டிகிரி தாங்கும்னு நம்பினவங்க யாராச்சும் இருக்கீங்களா? (பெங்களூரு அனுபவங்கள்)

பீன்யா நைட் ஷிப்ட்:
ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. பீன்யாவுல ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப், நான் நைட் சூப்பர்வைசர். வேக்கம் ஃபர்னஸ், அதாவது உள்ளே காத்தை உறிஞ்சி எடுத்துட்டு சூடேத்தற உலை, 1,030 டிகிரியில ஓடிட்டிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெல்பர் தம்பி ஓடி வந்து, "அண்ணா, கேஜ் ஏறுது"ன்னான். கதவு ஓ-ரிங் (அடைப்பு ரப்பர் வளையம்) லீக், உள்ளே காத்து போகுது. "கிராஃபைட் 3,000 டிகிரி தாங்கும்டா, இதுக்கு என்ன ஆகப்போவுது, விடு"ன்னுட்டேன். காலையில ஆறினப்புறம் திறந்தோம். கட்டைவிரல் கனம் இருந்த கிராஃபைட் ஹீட்டர் கம்பி, கதவுப் பக்கம் மட்டும் சீவின பென்சில் மாதிரி ஒல்லியா நிக்குது. தொட்டேன். ஒடிஞ்சு கையோட வந்துடுச்சு. ஓனர் தம்பியைத்தான் திட்டினார். நான் வாயே திறக்கல.

அல்சூர் ஆராய்ச்சி மாணவி:
அண்ணா, அந்தக் கம்பி உருகல, எரிஞ்சிருக்கு. சாதாரண அழுத்தத்துல கிராஃபைட் உருகவே உருகாது, 3,600 டிகிரிக்கு மேல நேரா ஆவியாகும். அதுவும் காத்து இல்லாத இடத்துல. காத்து பட்டா 500 டிகிரி பக்கமே அரிக்க ஆரம்பிச்சிடும். நானும் இப்படி ஏமாந்தவதான். சிர்கோனியம் டைபோரைடுன்னு சிர்கோனியமும் போரானும் சேர்ந்த பீங்கான் வில்லை, உருகுநிலை 3,200-க்கு மேல. தைரியமா 1,500 டிகிரியில காத்துல வச்சேன். கன்னங்கரேல்னு போனது சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா வந்துச்சு, நகத்தால கீறினா பொடி. போரான் ஆக்சைடு ஆவியாயிடுச்சு, ஓட்டையும் ஒடிசலுமா சிர்கோனியாதான் (சிர்கோனியம் ஆக்சைடு) மிச்சம். அடுத்த தடவை அஞ்சுல ஒரு பங்கு சிலிக்கன் கார்பைடு கலந்தேன். மேல கண்ணாடிப் படலம் மூடி உள்ளே காப்பாத்திடுச்சு.

நகரத்பேட்டை பட்டறை:
500 டிகிரியில அரிக்கும்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க தங்கச்சி. தங்கம் உருக 1,064 டிகிரி. கிராஃபைட் மூசையில (உருக்கற கிண்ணம்) திறந்த காத்துலதான் தினமும் உருக்கறேன், ஒரே நாள்ல கரைஞ்சா போகுது? எங்க தாத்தா ஊதின சிரட்டைக் கரியும் கார்பன்தான், அது ஊதின உடனே பிடிக்கும். ஒரு தடவை மழைக்காலத்துல ஈர மூசையை நேரா அடுப்புல வச்சு, பட்டுனு வெடிச்சு 40 கிராம் சாம்பல்ல கொட்டிச்சு. அவ்வளவுதான் என் கதை. புதுசா வாங்கறவங்க கேட்டுக்கோங்க. மூசையை ஈரத் தரையில வைக்காதீங்க. முதல் தடவை மெதுவா சூடேத்தி, ஈரம் போனப்புறம் வெங்காரம் போடுங்க. இடுக்கியால வாயைப் பிடிக்காதீங்க, வயித்தைப் பிடிங்க. மேலே பளபளப்புப் பூச்சு உதிர்ந்திருந்தா வாங்கவே வாங்காதீங்க. தங்கத்துக்கு வச்ச மூசையில வெள்ளி உருக்காதீங்க.

அல்சூர் ஆராய்ச்சி மாணவி:
அந்தப் பளபளப்புப் பூச்சுதாண்ணா காத்தைத் தடுக்குது! களிமண் கலந்த உங்க மூசையும் பீன்யா அண்ணாவோட கம்பியும் ஒண்ணில்ல. கார்பன்னா எல்லாம் ஒரே ரகம் இல்லைனு விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951-லயே பிரிச்சுக் காட்டினாங்க. பெட்ரோலியம் கோக்கை (கச்சா எண்ணெய்க் கசடுலேர்ந்து வர்ற கரி) 3,000 டிகிரி வரைக்கும் சூடேத்தினா அடுக்கடுக்கா கிராஃபைட் ஆயிடும். சிரட்டைக் கரியை எவ்வளவு சூடேத்தினாலும் ஆகாது. உள்ளே குறுக்கும் நெடுக்குமா பின்னிக் கிடக்கும், நுண்துளை வேற. அதான் சட்டுனு பிடிக்குது.

வள்ளியூர்க்காரன், இப்ப மாரத்தஹள்ளி:
கார்பன் நெருப்புல நிக்காதுன்னு மட்டும் முடிவு கட்டிராதீய. எங்க ஊர்ப் பக்கம் மகேந்திரகிரியில 2024-ல பிஎஸ்எல்வி ராக்கெட்டோட நாலாம் கட்டத்துக்கு கார்பன்-கார்பன் நாசிலை (கார்பன் இழையும் கார்பனும் சேர்ந்த, நெருப்பு வெளியே வர்ற குழல்) 200 விநாடி எரிச்சுப் பார்த்தாங்க, நின்னுச்சு. அதுக்கும் மேலே சிலிக்கன் கார்பைடு பூச்சு உண்டு. பீன்யா அண்ணாச்சி, அன்னைக்கு கேஜ் எவ்வளவு காட்டுச்சு?

பீன்யா நைட் ஷிப்ட்:
அரை மணிக்கு ஒருக்கா தம்பி லாக் புக்ல எழுதியிருந்தான். காலையில ஓனர் வர்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைக் கிழிச்சது நான்தான்.