ரிடாக்‌ஷனுக்குத் தமிழ்ச் சொல்: ‘தணிக்கை’ ஏன் ஆகாது

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தகவல் உரிமைக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘ரிடாக்‌ஷன்’ என்பதற்கு நேராகத் ‘தணிக்கை’ என்று இட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடல். மாற்றுச் சொல் ஒன்றும் கையில் இருக்கிறது. சிக்கலைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அலுவலகம் ஓர் ஆவணத்தின் நகலைத் தருமுன் அதிலுள்ள சில பெயர்களையோ வங்கிக் கணக்கு எண்களையோ, சில வேளைகளில் முழுப் பத்தியையோ படிக்க முடியாதபடி மறைத்துத் தருவதுதான் ரிடாக்‌ஷன். தமிழில் ‘தணிக்கை’ ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கை, சமூகத் தணிக்கை என்னும்போது கணக்கைச் சரிபார்ப்பது; திரைப்படத் தணிக்கை என்னும்போது வெட்டுவது. (மத்தியத் திரைப்பட வாரியம் 1983இலேயே தன் பெயரிலிருந்து ‘சென்சார்’ என்பதை எடுத்துவிட்டுச் சான்றிதழ் வாரியமாகிவிட்டது. நம் நாளிதழ்கள்தாம் ‘தணிக்கைக் குழு’வை இன்னும் விடவில்லை.) சினிமாவும் கணக்கும் வெவ்வேறு பக்கங்களில் அச்சாகும்வரை இதனால் யாருக்கும் நட்டமில்லை. ஊராட்சிச் செலவை மக்கள் சோதிக்கும் இடத்திலோ இரண்டு வேலைகளும் ஒரே தாளின்மேல் நடக்கின்றன. ‘தணிக்கை செய்யப்பட்ட செலவுச் சீட்டுகளின் நகல் கிடைத்தது’ என்று மனுதாரர் எழுதினால், அது தணிக்கையாளர் பார்த்து ஒப்பமிட்ட சீட்டா, பாதியை மறைத்த சீட்டா? மேல்முறையீட்டு அலுவலர் தமக்கு வசதியான பொருளை எடுத்துக்கொள்வார். நம் கையேட்டு வரைவிலேயே ‘தணிக்கை செய்யப்பட்ட ஆவணங்களைக் கொண்டு சமூகத் தணிக்கை செய்வது எப்படி’ என்று ஓர் உள்தலைப்பு நிற்கிறது. அதைப் படிக்கிற புதியவர் என்ன நினைப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

‘இருட்டடிப்பு’ நல்ல தமிழ். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது குற்றச்சாட்டு. உதவித்தொகை பெற்ற ஒரு பெண்ணின் வங்கிக் கணக்கு எண்ணை மறைத்துவிட்டுப் பட்டியலைக் கொடுக்கிற எழுத்தர் தம் கடமையைத்தான் செய்கிறார். அவரையும் இருட்டடிப்பாளர் ஆக்கிவிடும் சொல் கலைச்சொல்லாகாது.

‘வரிமறைப்பு’ அச்சில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளாட்சி ஆவணத்தில் ‘வரி’ என்றதும் வீட்டு வரிதான் நினைவுக்கு வரும். ‘இப்பக்கத்தில் மூன்று வரிமறைப்புகள் உள்ளன’ என்று எழுதினால் பில் கலெக்டர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்பார்.

‘மறைநீக்கம்’ கணினித் தமிழில் வேறு பொருளில் புழங்குகிறது. பூட்டிய செய்தியைத் திறந்து படிப்பதற்கான சொல் அது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ‘செம்மையாக்கம்’ என்றவர், ரிடாக்‌ஷன் என்ற சொல்லுக்குப் பதிப்பித்தல் என்ற பழைய பொருள் உண்டு என்பதை வைத்துச் சொல்கிறார். உண்மைதான். ஒப்பந்ததாரரின் பெயரை அடித்துவிட்டு அதற்குச் செம்மை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்து சொல்லெடுக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நானும் ஆசையோடுதான் தேடினேன். முதலாம் பராந்தகன் காலத்து அந்த ஏற்பாட்டில், ஊர்ச் சபையின் வாரியப் பொறுப்பில் இருந்தும் கணக்குக் காட்டாதவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய உறவினர்களும் குடவோலைக்குத் தகுதி இழந்தார்கள். அங்கே கணக்குக் காட்டுவது, காட்டாதிருப்பது என்ற இரண்டு நிலைகள்தாம். பாதி காட்டுவது என்ற நாகரிகம் பிற்காலத்தது.

இனி, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு இதற்கு நல்ல உரைகல். ஓர் ஆவணத்தில் விலக்குக்கு உரிய பகுதி இருந்தால், அதற்காக முழு ஆவணத்தையும் மறுக்காமல், அந்தப் பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைத் தரலாம் என்கிறது. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உட்பிரிவு 2ஐப் படிக்க வேண்டும். ஒரு பகுதி மட்டுமே தரப்படுகிறது என்பதையும், அதற்கான காரணங்களையும், முடிவெடுத்தவரின் பெயரையும் பதவியையும், மறு ஆய்வு கோரும் உரிமையையும் மனுதாரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஆகவே சட்டம் அனுமதிப்பது வெறும் மறைப்பை அல்ல. தன்னைக் காட்டிக்கொள்ளும் மறைப்பை. எங்கே மறைத்தார்கள், எவ்வளவு மறைத்தார்கள் என்பது தாளில் தெரிய வேண்டும். யார், எதற்காக என்பது கூட வரும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடிகளையும் கல்வெட்டுகளையும் பதிப்பித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு இருந்தது. சிதைந்த இடத்தில் புள்ளிகளை இட்டார்களே தவிர, முன்னையும் பின்னையும் இழுத்து ஒட்டி இடைவெளியை விழுங்கிவிடவில்லை.

எதை மறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மீதியின் மதிப்பு. பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகளை 2009 ஜூனில் அந்த நாடாளுமன்றமே வெளியிட்டது, முகவரிகளைக் கறுப்படித்துவிட்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டு முகவரி எதற்கு ஊருக்கு? ஆனால் எந்த வீட்டை ‘இரண்டாம் வீடு’ என்று கணக்குக் காட்டிப் படி வாங்கினார்கள், அதை எப்படி மாற்றி மாற்றிச் சொன்னார்கள் என்பதுதான் அந்த ஊழலின் மையம். முகவரி இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதற்கு முந்தைய மாதம் டெய்லி டெலிகிராப் நாளிதழ் மறைக்கப்படாத பிரதியை வைத்து எழுதியிருக்காவிட்டால், கறுப்புப் பட்டைகளுக்கிடையே எல்லாம் ஒழுங்காகவே தெரிந்திருக்கும்.

நம் நாட்டில் முகவரியின் இடத்தில் இருப்பது பெயர். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர்-உழவர் அமைப்பு மக்கள் விசாரணையைத் தொடங்கியபோது செய்தது சிக்கலான வேலை அல்ல. வேலை நடந்ததாகச் சொல்லும் மஸ்டர் ரோலையும் (வேலையாட்களின் வருகைப் பதிவேடு) பில்களையும் ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். பெயரைக் கேட்டவர்கள், ‘நான் அங்கே வேலைக்கே போகவில்லையே’ என்று எழுந்து சொல்ல முடிந்தது. அதே மஸ்டர் ரோலில் பெயர்களை மறைத்துவிட்டு வாசியுங்கள்: வேலையாள் 1, வேலையாள் 2, வேலையாள் 3. யார் எழுந்திருப்பார்கள்?

இந்தக் கவலை இப்போது கூடியிருக்கிறது. முன்பு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவின்படி, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைகிற தனிநபர் தகவலை மறுக்கலாம். 2023ஆம் ஆண்டு இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனைகளை எல்லாம் எடுத்துவிட்டுத் ‘தனிநபர் தகவல்’ என்ற அளவிலேயே நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. ஆனாலும் மறைக்கும் கை இனி அதிகம் நீளும். நாம் அதைப் பற்றி அடிக்கடி எழுத வேண்டிவரும். சொல் இப்போதே சரியாக இருக்கட்டும்.

என் பரிந்துரை ‘மறைப்பீடு’. மதிப்பிடு, மதிப்பீடு போல மறைப்பிடு, மறைப்பீடு. வினையாகவும் வரும்: மறைப்பிட்ட நகல், மறைப்பிட்ட அலுவலர், மறைப்பிடாத மூலம். ‘வெளியீடு’ என்பதோடு ஒரே வாய்பாட்டில் நிற்பதால் கையேட்டில் இரண்டையும் அருகருகே வைத்துப் பேசலாம். ‘மறைப்பு’ என்ற பொதுச்சொல் தனியே பிழைத்துக்கொள்ளும். ‘இடு’ சேரும்போது, ஒருவர் வேண்டுமென்றே ஒரு குறியை அந்த இடத்தில் இட்டார் என்ற பொருள் வந்துவிடுகிறது.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

——

ஐயா, வணக்கம்.

‘தணிக்கை’ போக வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ‘மறைப்பீடு’ பற்றித்தான் இரண்டு மனம்.

கிராம சபையில் இந்தச் சொல்லை யார் சொல்வார்கள்? நான் பணிபுரியும் ஊர்களில் பெண்கள் ‘மையடித்த தாள்’ என்கிறார்கள். ‘தாளைக் கொடுத்தார்கள், எல்லாம் மையடித்துக் கொடுத்தார்கள்’ என்றால் எல்லாருக்கும் விளங்குகிறது. நீங்கள் ‘மையடிப்பு’ என்ற பரிந்துரையைப் பேசாமலே தாண்டிவிட்டீர்கள். உள்ளாட்சிக் கணக்கைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் இன்னும் நகலெடுத்த தாளைத்தான் கையில் வாங்குகிறார்கள், பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி. அவர்கள் பேசும் சொல்லை விட்டுவிட்டு நாம் ஒன்றை உருவாக்கி, பிறகு அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். மையடித்துத் தருகிறவர்கள் ஒருவகையில் நேர்மையானவர்கள். கறுப்பாக ஒன்று இருக்கிறதே, அதைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். தெருவிளக்குச் செலவு பற்றி ஒரு பேரூராட்சியிடம் கேட்டோம். கணினியில் எடுத்த பட்டியல் ஒன்று வந்தது: பணி, தேதி, தொகை. சுத்தமான பட்டியல். ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. நல்ல வேளையாக, சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி முன்பே கோப்பை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுத்திருந்தோம். மூலப் பதிவேட்டில் ஒப்பந்ததாரர் பெயருக்கும் அளவுப் புத்தக (செய்த பணியை அளந்து பதியும் ஏடு) எண்ணுக்கும் தனித்தனிப் பத்திகள் (நெடுவரிசைகள்) இருந்தன. நகலில் அந்த இரண்டு பத்திகளே இல்லை. எதையாவது மறைத்தீர்களா என்று கேட்டால், எங்கே மறைத்தோம், காட்டுங்கள் என்கிறார்கள். எதைக் காட்டுவது?

இதையும் மறைப்பீடு என்பீர்களா? பெயர்களின் இடத்தில் ‘பயனாளி’ என்று தட்டச்சு செய்து தருவதற்கு என்ன பெயர்? எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால், கடைசியில் அதுவும் ‘தணிக்கை’ போல எதையும் குறிக்காத சொல்லாகிவிடும்.

——

அம்மா, வணக்கம்.

நீங்கள் கேட்டது சொல்லைவிடப் பெரிய கேள்வி. பத்தியையே எடுத்துவிட்டுத் தருவதை மறைப்பீடு என்று அழைக்கக் கூடாது என்பதுதான் என் நிலை. அழைத்தால் அதற்கு 10ஆவது பிரிவின் மரியாதையைக் கொடுத்துவிடுகிறோம். தடம் விடுவது மறைப்பீடு. தடமில்லாமல் எடுப்பது ‘தடமற்ற நீக்கம்’. அதற்கு எதிரான முறையீட்டை 18ஆவது பிரிவில், முழுமையற்ற அல்லது தவறாக வழிநடத்தும் தகவல் என்ற அடிப்படையில் எழுதலாம். பெயருக்குப் பதில் ‘பயனாளி’ என்று இடுவது இடையில் நிற்கிறது. மாற்றியிருப்பதாகக் குறிப்பு இருந்தால் மறைப்பீட்டின் ஒருவகை, குறிப்பு இல்லையென்றால் இல்லை.

‘மையடிப்பு’ தாளுக்குப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. கோப்புக்குப் பொருந்துவதில்லை, அதுவும் ஆபத்தான விதத்தில். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் 2016 தேர்தல் பரப்புரைக்குத் தலைவராக இருந்த பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிடிஎஃப் கோப்பில் கறுப்புக் கட்டங்கள் இருந்தன. அவற்றின் அடியிலிருந்த எழுத்துகளை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியதும் எல்லாம் படிக்க முடிந்தது. மேலே மை பூசினால் போதும் என்று நினைத்ததன் விளைவு. நம் ஊரில் ஓர் எழுத்தர் அதே நினைப்பில் ஆயிரம் பேரின் ஆதார் எண்களின்மேல் கறுப்புக் கட்டம் வரைந்து இணையத்தில் ஏற்றிவிடலாம். கையேடு அவருக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் சபையில் புழங்கும் சொல்லை விடக் கூடாது என்பதில் உங்கள் பக்கம் வருகிறேன். மனுவின் மாதிரிப் படிவத்தில் ‘மையடித்த நகல்’ என்றே இருக்கட்டும். மறைப்பீடு சொற்பட்டியலிலும் மேல்முறையீட்டுப் பகுதியிலும் வரட்டும். உங்கள் பேரூராட்சிக் கதையை, ஊரைக் குறிப்பிடாமல், பார்வையிடல் பற்றிய பகுதியில் சேர்க்க அனுமதி வேண்டும். நகல் கேட்பதற்கு முன்பே கோப்பைப் பார்த்துப் பத்திகளின் தலைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை நம் வரைவில் எங்கும் இல்லை.

பதிவுகளை இப்படி இடலாம் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் திருத்துங்கள்.

மறைப்பீடு (பெயர்): ஆவணத்தை வெளியிடும்போது அல்லது நகல் தரும்போது அதன் ஒரு பகுதியை, மறைத்த இடமும் அளவும் தெரியும்படியும், காரணமும் பொறுப்பாளரும் எழுத்தில் குறிக்கப்படும்படியும் படிக்க இயலாததாக்குதல். வினை: மறைப்பிடு. பேச்சு வழக்கு: மையடித்தல். கணினிக் கோப்பில் அடியிலுள்ள எழுத்தையும் நீக்கிய பிறகே மறைப்பிட வேண்டும்.

தடமற்ற நீக்கம்: மேற்கண்ட குறிகள் ஏதுமின்றி ஒரு பகுதியையோ பட்டியலின் ஒரு பத்தியையோ எடுத்துவிடுதல். மறைப்பீடு ஆகாது.

தணிக்கை: கணக்கையும் பணியையும் சரிபார்த்தல். இக்கையேட்டில் வேறு பொருளில் வராது.

மூன்றாவது பதிவுக்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதல் பதிவில் ‘படிக்க இயலாததாக்குதல்’ நாக்கில் சிக்குகிறது. வேறு தொடர் தோன்றினால் எழுதுங்கள்.